மலாயா அவசரகாலப் படையிழப்பு

மலாயா அவசரகாலப் படையிழப்பு என்பது, 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலப் போரில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் கெரில்லாக்களை எதிர்த்த பாதுகாப்புப் படையினரின் உயிரிழப்பு. கிளர்ச்சி வகைப்பாட்டில் இப்போர், காட்டைத் தளமாகக் கொண்ட, பொதுவுடைமைச் சார்புள்ள காலனிய எதிர்ப்புக் கிளர்ச்சி. அதிகாரபூர்வக் கணக்கில் படையினர் 1,865 பேரும் கிளர்ச்சியாளர் 6,710 பேரும் குடிமக்கள் 2,478 பேரும் மாண்டனர்.

படையினரில் 1,346 பேர் மலாயாப் போலீசாரும் துருப்புகளும். பிரித்தானியத் துருப்புகள் 519 பேர் மட்டுமே. ஆகவே, வெளிநாட்டுப் படையை மட்டும் எண்ணும் மதிப்பீடு உண்மை இழப்பில் பெரும்பகுதியைத் தவறவிடும்.

மாண்ட ஒரு படையினருக்கு 3.6 கிளர்ச்சியாளர் என்ற இந்த இழப்பு விகிதத்தைப் பிற போர்களுக்கு அப்படியே பொருத்துவது பிழை. ஏனெனில் மலாயாவின் சூழல் தனித்தன்மை வாய்ந்தது: கிளர்ச்சியாளரில் பெரும்பாலோர் சீனர். வெளிநாட்டு ஆயுத உதவி அவர்களுக்கு அரிது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் சுமார் 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் குடியேற்றி, கிளர்ச்சியாளருக்கு உணவு செல்லும் வழியையும் அடைத்தது. புள்ளியியல் மாதிரிகள் மக்கள்தொகை, நிலஅமைப்பு, வெளியுதவி, போரின் நீளம் ஆகியவற்றைத் தனித்தனி மாறிகளாகக் கொள்வது இதனாலேயே.