கட்சிக்காரர் காசு

லண்டனில் ஹரோ பக்கம் ஒரு சிறிய சொலிசிட்டர் கந்தோரில் கணக்குப் பார்ப்பது என் வேலை. எங்களுக்கு வங்கிக் கணக்கு இரண்டு. ஒன்று கந்தோருடையது, மற்றது கட்சிக்காரர்களுடையது. வீடு வாங்குபவர் கட்டிய முற்பணம், விபத்தில் கிடைத்த நட்டஈடு, செத்தவரின் வீட்டை விற்ற தொகை எல்லாம் இரண்டாவதில் கிடக்கும். கந்தோரில் சம்பளம் கொடுக்கக் காசில்லாவிட்டாலும் அதைத் தொட முடியாது. ஐந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது வங்கி மீதி, எங்கள் காசேட்டு மீதி, ஒவ்வொரு கட்சிக்காரர் பேரேட்டிலும் உள்ள மீதிகளின் கூட்டுத்தொகை மூன்றும் ஒத்து வருகிறதா என்று பார்த்து, பொறுப்பானவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வங்கியே தவறுதலாக அதில் 12 பவுண்டு கட்டணம் கழித்துவிட்டாலும், கண்டவுடன் கந்தோர்க் காசைப் போட்டு நிரப்பியாக வேண்டும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், “ஏன் அக்கா, 12 பவுண்டுக்கு இவ்வளவு கூத்தா?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது பெஞ்சமின் கிரீன் லேக்கின் கதையைத்தான்.

இங்கிலாந்துச் சொலிசிட்டர்களின் சட்டச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் லேக். தவறு செய்த சொலிசிட்டர்களை விசாரிக்கும் ஒழுங்குக் குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். அப்படிப்பட்டவர் கட்சிக்காரர் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக 1901இல் சிறைக்குப் போனார். அந்தக் காலத்தில் தன் காசையும் கட்சிக்காரர் காசையும் ஒரே கணக்கில் போட்டுப் புழங்குவது தொழிலில் சாதாரணம். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. ஹாலெட் என்ற சொலிசிட்டர் அப்படிக் கலந்து வைத்துவிட்டு இறந்துபோக, எது யாருடைய பணம் என்று பிரிப்பதற்கு 1880இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. அவர் செலவழித்ததெல்லாம் முதலில் தன் சொந்தக் காசைத்தான் என்று கொள்ள வேண்டும் என்றார்கள். இன்றும் சட்ட மாணவர்கள் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

லேக் சிறைக்குப் போன அதே 1901இல் திருட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்பு, பணத்தை என்ன செய்ய வேண்டும் என்று கட்சிக்காரர் எழுத்தில் கொடுத்திருந்தால்தான் பல கையாடல்கள் குற்றமாகும். வாய்ச் சொல்லை நம்பிக் கொடுத்த விதவைக்கு அந்தச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் தனி வங்கிக் கணக்கு கட்டாயம் என்ற விதி வரவில்லை. கண்ணியமான தொழில் செய்பவர்களைச் சந்தேகிப்பதா என்ற பேச்சுத்தான் பலமாக இருந்தது. என் எண்ணத்தில், அந்தக் கண்ணியப் பேச்சுக்கு விலை கொடுத்தவர்கள் கட்சிக்காரர்களே.

1921இல் வேல்ஸ் எல்லையில் உள்ள ஹே என்ற சிற்றூரில், தெருவின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு சொலிசிட்டர் கந்தோர்கள் இருந்தன. ஒன்று ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங்குடையது, மற்றது ஆஸ்வால்ட் மார்ட்டினுடையது. ஒரு நில விற்பனையில் வாங்குபவர்கள் கட்டிய முற்பணம் ஆம்ஸ்ட்ராங்கிடம் இருந்தது. விற்பனை இழுபட, வாங்குபவர்களுக்காக மார்ட்டின் பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஆம்ஸ்ட்ராங் தவணை சொன்னார். பிறகு தேநீருக்கு வீட்டுக்கு அழைத்து, வெண்ணெய் தடவிய ஸ்கோன் ஒன்றைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அன்றிரவு மார்ட்டின் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார். அவரது சிறுநீரில் ஆர்செனிக் இருந்தது. அதன்பின் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவியுடைய உடலைத் தோண்டிப் பார்த்தபோது அதிலும் ஆர்செனிக். அவளைக் கொன்ற குற்றத்துக்காக 1922 மே மாதம் குளொஸ்டர் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நஞ்சைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த முற்பணம்தான் உறுத்துகிறது. அதை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறாய் என்று கேட்கும் அதிகாரம் அன்று யாருக்கும் இருக்கவில்லை.

சொலிசிட்டர்களுக்கான 1933ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, அதன்கீழ் தனி வங்கிக் கணக்கைக் கட்டாயமாக்கிய கணக்கு விதிகள் 1935இல் நடைமுறைக்கு வந்தபோது லேக் வழக்கு முடிந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆண்டுதோறும் கணக்காளர் சான்று, ஏமாந்தவர்களுக்கு இழப்பீட்டு நிதி இரண்டும் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தன. அப்போதும் கட்சிக்காரர் பணத்துக்கு வங்கி கொடுத்த வட்டியைச் சொலிசிட்டர்களே எடுத்துக்கொண்டார்கள். அது கட்சிக்காரருக்குச் சேர வேண்டியது என்று பிரபுக்கள் சபை சொன்னது 1960களில்தான்.

சட்டத் தொழிலை யார் ஒழுங்குபடுத்துவது என்று ஆராய்ந்த கிளெமென்டி அறிக்கைக்குப் பின், 2007இல் அந்த வேலை சட்டச் சங்கத்திடமிருந்து பிரிந்து எஸ்ஆர்ஏ என்ற தனி அமைப்புக்குப் போனது. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு நிறுவனத்திலும் விதிகளுக்கு ஒருவர், நிதிக்கு ஒருவர் என்று இணக்க அதிகாரிகள் பொறுப்பேற்றார்கள். கோல்ப், கோஃபா என்கிறோம். சிறிய கந்தோர்களில் இரண்டும் ஒரே ஆள். பகலில் வழக்கு, இரவில் கணக்கு. அவர்களுக்குத் துணையாக வெளியிலிருந்து வந்து கோப்புகளைச் சோதித்து, விதிகளை விளக்கிக் கொடுக்கும் ஆலோசகர்கள் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது வீண் செலவு அல்ல.

2023இல் ஒரு பெரிய நிறுவனத்தில் 6 கோடி பவுண்டுக்கு மேல் கட்சிக்காரர் பணம் காணாமல் போனது. அடுத்த ஆண்டு, கட்சிக்காரர் பணம் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இழப்பீட்டு நிதிக்குக் கட்டும் தொகை 660 பவுண்டிலிருந்து 2,220 ஆனது. நூற்றுக்கணக்கான சொலிசிட்டர்கள் உள்ள நிறுவனத்துக்கும் எங்கள் கந்தோருக்கும் அந்தத் தொகை ஒன்றுதான். சொலிசிட்டர்கள் கட்சிக்காரர் பணத்தை வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று 2024இல் எஸ்ஆர்ஏ கேட்கத் தொடங்கியது. வேண்டும் என்றே நான் சொல்வேன். வீடு கைமாறும் நாளில், அந்தப் பணத்தை யாருக்கு, எந்த நேரத்தில் அனுப்புவது என்று தெரிந்தவர்கள் நாங்கள்.