அவளைக் கேட்டது யார்?

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகர் கோயிலையும் கும்பிட்டுவிட்டு நடப்பார்கள். அவருடைய திருவெம்பாவை பிறந்தது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. அந்தப் பாடல்களில் பேசுகிறவர்கள் பெண்கள்.

அதே மலையடியில் வழங்கும் இன்னொரு கதையில் பெண்ணுக்குப் பேசும் வாய்ப்பு இல்லை. வல்லாள மகாராஜனைச் சோதிக்க அடியார் வேடத்தில் வந்த சிவன், தாசி ஒருத்தி வேண்டும் என்கிறார். அன்றிரவு பார்த்து ஊரில் ஒருத்தியும் கிடைக்கவில்லை. வாக்குத் தவற மாட்டாத மன்னன் இளையராணி சல்லமாதேவியையே அனுப்பிவைக்கிறான். ராணி நெருங்கியதும் சிவன் குழந்தையாகிவிடுகிறார். பிள்ளையற்ற மன்னனுக்கு மகனான கடனுக்கு, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அண்ணாமலையார் இன்றும் திதி கொடுக்கிறார். மன்னனின் வாய்மையைக் கொண்டாடும் கதை, ராணி மறுத்திருக்க முடியுமா என்று கேட்பதே இல்லை.

தாசிகள் வெறும் கதைமாந்தர்கள் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் கோயில் பணிக்கென இருந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ராஜராஜன் வீடும் நெல்லும் ஒதுக்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. கலையும் சொத்தும் அவர்கள் கையில் இருந்தன. ஆனால் பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு பின்னாளில், விவரம் அறியாத சிறுமிகளின் தலையில் மற்றவர்கள் எழுதிய எழுத்தாகிப்போனது.

1927இல் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதை எதிர்த்துப் போராடினார். அவருடைய தாயார் சந்திரம்மாளும் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர்தான். தேவதாசிகளில் ஒரு பகுதியினர் தங்கள் கலையும் சொத்தும் பறிபோகும் என்று சங்கம் கூடி எதிர்த்தனர். அதே மரபிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் ஒழிப்பின் பக்கம் நின்றார். 1929 சட்டத்தால் மானிய நிலம் கோயில் ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுபட்டது. 1947 சட்டம் பொட்டுக்கட்டையே குற்றமாக்கியது.

சிறுமிக்குப் பாதுகாப்பு வந்தது. வளர்ந்த பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு வரவில்லை. பாலியல் தொழிலில் இருந்த பெண்களுக்கும் அதே நிலைதான்.

1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், சென்னையில் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். தொற்று இருந்த பெண்கள் காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்டனர். 1990இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. பூட்டிவைப்பார்கள் என்று தெரிந்தால் பரிசோதனைக்கு யார் வருவார்?

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களும் கண்ணியமாக வாழும் உரிமை உள்ளவர்களே என்றது. பாலியல் வன்முறைக்கு ஆளானால் அவர்களுக்கு உடனே மருத்துவ உதவி தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டத்துக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே 75 ஆண்டுகள்.