வாய்ப்பூட்டு பிறந்த கதை

இலண்டனில் மோரிசனின் மாத்திரை ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டது. எல்லா நோய்க்கும் அது ஒன்றே மருந்தாம். நம்மூர் லேகிய வியாபாரிகள் பிச்சை வாங்க வேண்டும்! செய்முறையை வெளியில் விடுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்த கூட்டாளி மோட், அதைத் தன் மகன் காதில் ஓதிவிட்டார். மகன் தனிக்கடை போட்டார். மருந்துக்குக் காப்புரிமை இல்லை. ஆனாலும் 1851-இல் நீதிமன்றம் மகனைத் தடுத்தது: நம்பிச் சொன்ன இரகசியத்தை விற்றுக் காசாக்கக் கூடாது. 1807 முதல் ஆங்கிலச் சட்டத்தின் கீழிருந்த பினாங்கில் இதே நியாயம் போதுமானதாக இருந்திருக்கும், அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞர் பேனாவை எடுக்காமல் இருந்திருந்தால்.

அவர் டேவிட் டட்லி ஃபீல்ட். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற பிரிவோடு, 1865-இல் நியூயார்க்குக்காக ஒரு சட்ட வரைவை முடித்தார். நியூயார்க் அதை ஏற்கவே இல்லை. பெற்ற ஊர் கைவிட்ட பிள்ளையை 1872-இல் இரண்டு பேர் தத்தெடுத்தார்கள். ஒன்று கலிபோர்னியா. இன்னொன்று பிரிட்டிஷ் இந்தியா.

1874-இல் கல்கத்தாவில் அந்தப் பிரிவு தன் பல்லின் கூர்மையைக் காட்டியது. போட்டிக் கடைக்காரரான மாதவ் சந்திரரிடம், கடையை மூடினால் அவர் வேலையாட்களுக்குக் கொடுத்த முன்பணம் 900 ரூபாயைத் தருவதாகச் சொன்னார் ராஜ்குமார் தாஸ். மாதவ் மூடினார், தாஸ் தரவில்லை. வழக்குக்குப் போனால், அந்த ஒப்பந்தமே செல்லாது என்றது நீதிமன்றம். கடையும் போச்சு, காசும் போச்சு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் நகல் 1899-இல் மலாய் மாநிலங்களுக்குக் கப்பலேறியது. பினாங்கில் மட்டும் இறங்கவில்லை.

இதற்கிடையே, அதே பிரிவை வைத்திருந்த கலிபோர்னியாவில் பொறியாளர்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவினார்கள். 1957-இல் ஷாக்லி என்பவரின் கம்பெனியை விட்டு எட்டுப் பேர் கிளம்பினார்கள். அவர்களில் நாய்ஸும் மூரும் 1968-இல் மறுபடி கிளம்பி இன்டெல்லைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் கோக்கோ என்பவர் ஒரு மொபெட் இயந்திர வழக்கில் தடை உத்தரவு கேட்டுத் தோற்றார். ஆனால் நீதிபதி மெகாரி கேட்ட மூன்று கேள்விகள் நிலைத்துவிட்டன: தகவல் உண்மையிலேயே இரகசியமா? நம்பிக்கையின் பேரில் தரப்பட்டதா? அனுமதியின்றிப் பயன்பட்டதா? பின்னாளில் மலேசிய நீதிமன்றங்களும் இதே உரைகல்லில்தான் உரசிப் பார்த்தன.

முதலமைச்சர் லிம் சோங் யூ காலத்தில், 1972-இல், இன்டெல் பினாங்கின் பாயான் லெப்பாஸுக்கு வந்தது. அப்போது பினாங்கில் ஆங்கிலச் சட்டம்தான். வேலையை விட்டவர் எதிராளியிடம் சேரக் கூடாது என்ற நிபந்தனை நியாயமான அளவில் இருந்தால் செல்லும். முதலாளிகளுக்கு வசதி. அந்த வசதிக்கு ஆயுள் இரண்டே ஆண்டு.

1974 ஜூலை 1-ஆம் தேதி ஒப்பந்தச் சட்டம் பினாங்குக்கும் வந்தது. அதன் 28-வது பிரிவு, கல்கத்தாவைச் சுற்றி வந்த ஃபீல்டின் அதே பிள்ளை! கலிபோர்னியாவில் இன்டெல் விட்டுவந்த சட்டத்தின் இரட்டைப் பிறவி. வேலையை விட்டவர் காலைக் கட்ட இனி வழியில்லை. ஆனால் வாய்க்கு?

மோரிசனின் பூட்டு இன்னும் துருப்பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் பட்டியல், விலைக் கணக்கு, செய்முறை எல்லாம் அதற்குள் போயின. இன்று சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில், முதல் வேலைக்குப் போகும் பிள்ளை நியமனக் கடிதத்தில் சம்பளப் பக்கத்தை மூன்று முறை படிக்கிறான். ‘நிறுவனத் தகவல்களை வெளியிடவோ, வேறு எதற்கும் பயன்படுத்தவோ மாட்டேன்’ என்ற பத்தியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறான். கீழே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடிக்கிறது.