தணலாக வெளியே வரும் கோப்பை... ஜப்பானின் `ராக்கு' மண்பாண்டம் செய்வது எப்படி?

மண்பாண்டம் சுட்டால் சூளை ஆறும்வரை காத்திருக்கணும். ராக்குவில் அந்தப் பேச்சே கிடையாது. கோப்பை தகதகவெனச் சிவந்திருக்கும்போதே இடுக்கியால் கவ்வி வெளியே எடுத்துவிடுவார்கள். (ராகு காலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை மக்களே! ஜப்பானிய மொழியில் `ராக்கு' என்றால் சுகம், நிம்மதி.)

பிறந்த ஊர் கியோட்டோ. 16-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேநீர்க் குரு சென் நோ ரிக்கியூவின் ரசனைக்கேற்ப சோஜிரோ என்ற கைவினைஞர் கறுப்பு, சிவப்புக் கோப்பைகளைச் செய்தார். சக்கரமே இல்லாமல், கையாலேயே! அந்தப் பரம்பரை இப்போது 16-வது தலைமுறையில் நிற்கிறது.

ஆனால், இன்று பல பயிற்சி வகுப்புகளில் நீங்கள் கற்பது இதன் அமெரிக்க வடிவம். சுட்ட பாண்டத்தை இலை, மரத்தூளில் போட்டுப் புகையூட்டும் முறையை 1960-களில் பிரபலமாக்கியவர் பால் சோல்ட்னர். ஜப்பானிய மரபில் இந்தப் புகை விளையாட்டு இல்லை.

முதலில் மண். சாதாரணக் களிமண் திடீர்ச் சூட்டையும் குளிரையும் தாங்காது. சுட்ட மண்ணை நொறுக்கிய துகள் கலந்த களிமண்தான் சரி. உருண்டையின் நடுவே கட்டைவிரலை இறக்கி, சுற்றிக்கொண்டே கிள்ளிக் கிள்ளி சுவரை எழுப்புங்கள். சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கணும்; இல்லாவிட்டால் விரிசல் விழும். நிழலில் முழுசாகக் காய விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகி, சூளையிலேயே பாண்டம் வெடித்துவிடும்.

சுமார் 950 டிகிரி செல்சியஸில் முதல் சூடு. ஆறியதும் கிளேஸ் பூச்சு. அடிப்பாகத்தில் மட்டும் பூசாதீர்கள், சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்ததுதான் மாஸ் சீன். இரண்டாவது சூட்டில், ஏறக்குறைய 1,000 டிகிரியில், கிளேஸ் உருகி ஈரம்போலப் பளபளக்கும். அப்போது எடுத்து, மரத்தூளும் காகிதமும் போட்ட இரும்பு டிரம்முக்குள் வைத்தால் குப்பென்று தீப்பிடிக்கும். உடனே மூடணும். காற்று கிடைக்காத நெருப்பு, கிளேஸிலுள்ள தாமிர ஆக்ஸைடிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ள, செம்பு நிறம் மின்னும். வெள்ளைக் கிளேஸில் குளிர்ச்சியால் விழும் நுண்விரிசல்களுக்குள் கரி புகுந்து, கறுப்புக் கோடுகளாகும். பூச்சு இல்லாத இடம் முழுக்கக் கறுப்பு. எந்தக் கோப்பையும் இன்னொன்று மாதிரி வராது. சில கோப்பைகள் டிரம்முக்குள்ளேயே உடைவதும் உண்டு. அதனால் ரொம்பப் பிடித்த ஒன்றை முதல் ரவுண்டில் வைக்காதீர்கள்.

இதை மொட்டைமாடியில் தனியாக முயற்சி செய்யவே கூடாது. திறந்தவெளி, அனுபவமுள்ள பயிற்சியாளர், வெப்பம் தாங்கும் கையுறை, கண்ணாடி, புகைக்கு மாஸ்க் எல்லாம் கட்டாயம். பருத்தி உடைதான் போடணும்; பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

சரி, செய்த கோப்பையில் டீ குடிக்கலாமா? வேண்டாம். புகையூட்டிய ராக்கு நீரை உறிஞ்சும். விரிசல்களில் கிருமி தங்கும். கிளேஸிலுள்ள உலோகமும் பானத்தில் இறங்கலாம். ஷோகேஸில் வையுங்கள், அதுவும் ஈரம் படாத இடத்தில். அந்தச் செம்பு மினுமினுப்பு நாளாக ஆக மங்கக்கூடியது.