விற்றமின் ஈ குளிசையின் கதை

நம்மூரில் சீனியோ பிறஷரோ இல்லாத வீடு குறைவு. அதனால்தான் "நாடியைச் சுத்தமாக்கும்" என்று விற்கப்படும் குளிசைகளுக்கு இவ்வளவு கிராக்கி. அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு உறவுகளே.

விற்றமின் ஈ 1922 இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1940களில் கனடாவின் ஷூட் சகோதரர்கள் அது இதய நோயைக் குணமாக்கும் என்றார்கள். வைத்திய உலகம் ஏற்கவில்லை. 1980களில் நிலைமை மாறியது. குருதியிலுள்ள கெட்ட கொலஸ்திரோல் ஒட்சியேற்றமடையும்போது வெண்கலங்கள் அதை விழுங்கி, நாடிச் சுவரில் கொழுப்பாகப் படிகின்றன என்று ஆய்வுகள் காட்டின. அப்படியானால் ஒட்சியேற்றத்தைத் தடுத்தால் அடைப்பும் நிற்கும்தானே?

1993 இல், 87,000க்கும் அதிகமான அமெரிக்கத் தாதியரைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. நீண்ட காலம் விற்றமின் ஈ குளிசை எடுத்தவர்களுக்கு இதய நோய் ஐந்திலிரண்டு பங்களவு குறைவாம். ஆனால் குளிசை வாங்கிக் குடிப்பவர்கள் பொதுவாகவே உடம்பைப் பேணுபவர்கள். பலன் குளிசையாலா, பேணுதலாலா?

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் கேரளாவில் பிறந்த டொக்டர் சலீம் யூசுப். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் தலைமை தாங்கிய 'ஹோப்' ஆய்வில் 9,541 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குத் தினமும் 400 அலகு விற்றமின் ஈ, மீதிப்பேருக்கு வெறும் குளிசை. சராசரியாக நாலரை வருடம்.

2000 ஜனவரியில் முடிவு வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்த்து, விற்றமின் எடுத்தோரில் 16.2 வீதம், வெறும் குளிசை எடுத்தோரில் 15.5 வீதம். பலன் இல்லை. ஆய்வைத் தொடர்ந்தபோது, விற்றமின் எடுத்தோருக்கு இதயச் செயலிழப்பு சற்று அதிகம் என்று 2005 இல் தெரியவந்தது.

அதே ஆய்வில், அதே நோயாளிகளிடம் ரமிப்பிரில் என்ற பிறஷர் குளிசையும் சோதிக்கப்பட்டது. அது அதே பாதிப்புகளை 17.8 வீதத்திலிருந்து 14 வீதமாகக் குறைத்தது!

நாடியில் ஒட்சியேற்றம் நடப்பது பொய்யல்ல. குளிசை போட்டு அதை நிறுத்தி நோயைத் தடுக்கலாம் என்ற ஊகம்தான் பொய்த்தது. விற்றமின் ஈ உடம்புக்குத் தேவைதான். அது கச்சானிலும் கீரையிலும் இருக்கிறது.

கிளினிக்கில் இலவசமாகத் தரும் குளிசையை அலுமாரியில் வைத்துவிட்டு, ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வேறு போத்தல் வாங்கும் வாப்பா, உம்மா வீட்டில் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.