மாளிகை மறைத்த பிணி

ஆடவர் உடலில் சிறுநீர்ப்பையின் கீழே அக்ரூட் கொட்டையளவாக அமைந்த புராஸ்டேட் சுரப்பியிலும் புற்று தோன்றும் என்பதை 1853-இல் நுண்ணோக்கியின் துணைகொண்டு விவரித்த லண்டன் வைத்தியர் ஜான் ஆடம்ஸ், அதனை மிக அபூர்வமான வியாதி என்றே எழுதினார். அபூர்வமாயிருந்தது வியாதியா, அதைச் சொல்ல வாய்திறந்த ஆடவரா என்று இன்று ஐயுறத் தோன்றுகிறது.

1941-இல் சிகாகோ சர்வகலாசாலையின் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண்மைக்குரிய ஹார்மோனே இப்புற்றையும் வளர்க்கிறது என்றும், அதனை ஒடுக்கினால் முற்றிய நோயும் தணியும் என்றும் நிரூபித்தார். 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் விதையை நீக்குவதும் பெண் ஹார்மோனைச் செலுத்துவதுமே அன்றைய சிகிச்சையாதலின், நிவாரணம் வந்த வழியிலேயே லஜ்ஜையும் வந்து சேர்ந்தது.

அந்த லஜ்ஜையோடு ராஜதந்திரமும் கைகோத்த கதை பிரான்ஸ் தேசத்தில் நிகழ்ந்தது. ஜனாதிபதி பொம்பிடு தம் நோயை வெளியிடாமலே 1974-இல் பதவியில் இருக்கும்போதே மறைந்ததை ஜனங்கள் மறந்துவிடவில்லை. ஆகவே 1981 மே மாதத்தில் பதவியேற்ற பிரான்சுவா மித்தரான், தமது தேகநிலையைக் குறித்து ஆறு மாதத்துக்கொருமுறை அறிக்கை வெளியிடுவதாக வாக்களித்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே அவருடைய புராஸ்டேட் புற்று எலும்புவரை பரவியிருப்பது தெரியவந்தது. மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரையே ஆயுள் என்று வைத்தியர் கணித்தனர். வாக்களித்தபடி அறிக்கைகள் தவறாமல் வந்தன. அந்தரங்க வைத்தியர் குளோத் குப்லேரின் கையொப்பமும் இருந்தது. நோய் மட்டும் அவற்றில் இல்லை. 1992 செப்டம்பரில் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரே உலகம் அறிந்தது. இரண்டு பதவிக்காலங்களையும் நிறைவு செய்து, 1996 ஜனவரி 8-ஆம் நாள் தம் 79-ஆம் வயதில் அவர் காலமானார். சில தினங்களில் இந்த மறைப்பை விவரித்துக் குப்லேர் வெளியிட்ட நூலை நீதிமன்றம் தடைசெய்தது.

அரசியலுக்கு அந்த மௌனம் அவசியமாயிருந்திருக்கலாம். அதனை நான் விவாதிக்கவில்லை. ஆயினும் இப்பிணியோடு பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, ஒரு தேசத்தையும் ஆளலாம் என்னும் செய்தி, அதே காலத்தில் அதே நோயைத் தம் மனைவியரிடமும் மறைத்துக் கலங்கியிருந்த எத்தனையோ ஆடவருக்கு எட்டாமற் போயிற்றே!

அமெரிக்க செனட்டர் பாப் டோல் வேறு வழி சென்றார். 1991 டிசம்பரில் இதே புற்றுக்கு அறுவை செய்துகொண்ட அவர், அதனைப் பகிரங்கமாகப் பேசினார். பின்னாளில் ஆண்மைக் குறைவைப் பற்றித் தொலைக்காட்சி விளம்பரத்திலேயே தோன்றிப் பரிகாசத்துக்கும் ஆளானார். அவர் இறந்தது 2021-இல், 98-ஆம் வயதில்.