எலி கேக்கும் எங்கள் கறுப்பனும்



பத்து நாளாக நான் இந்தப் பக்கம் வரவில்லை. "சார், உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று சிலர் போன் செய்து கேட்டீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. முடியாமல் கிடந்தது எங்கள் வீட்டுக் கறுப்பன். இப்போது தேறிவிட்டான்.

வீட்டுக்கு வந்து போனவர்களுக்கு அவனைத் தெரியும். போன தீபாவளிக்கு வந்த தம்பியின் ஒற்றைச் செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. குப்பைக் கூடையைக் கவிழ்ப்பது, சாப்பிட்ட இலையை இழுத்துக்கொண்டு ஓடுவது, அடுப்படியில் கீழே விழுந்தது எதுவானாலும் முதலில் விழுங்கிவிட்டுப் பிறகு யோசிப்பது, இதெல்லாம் அவனுக்கு அன்றாடம். இந்த முறை அரிசி டிரம்முக்குப் பின்னால் நான் வைத்திருந்த எலி கேக்கைத் தின்றுவிட்டான். அந்த இடுக்கில் நாய் நுழையாது என்பது என் கணக்கு.

இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியாடினான். மூன்றாம் நாள் ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்து, சுருண்டு படுத்துவிட்டான். கால்நடை மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல எலி மருந்து வச்சீங்களா?" ஊசி போட்டுவிட்டு, "சார், நீங்க வாத்தியார்தானே? பாக்கெட்டுல போட்டிருக்கறதைப் படிச்சிருக்கலாமே" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

வரலாறு நடத்தியே வயதானவன் நான். வீட்டுக்கு வந்து, என் பாணியில் இதைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், நாய் ஏன் குப்பையைக் கிளறுகிறது? 1914இல் ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசல் என்ற இடத்தில், கல் வெட்டிய தொழிலாளர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. வயது சுமார் 14,000 ஆண்டுகள். அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்தவர்கள் சொல்வது: ஏழு மாத வயதுக்குள் அது கடும் நோயில் பல வாரம் கிடந்திருக்கிறது, யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளாவிட்டால் அத்தனை நாள் பிழைத்திருக்காது.

மனிதர்கள் எறிந்த எலும்பையும் மிச்சத்தையும் தேடி வந்த ஓநாய்களிலிருந்துதான் நாய் உருவானது என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள். 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்க்கு அதைவிடப் பல மடங்கு. நம்மோடு இருந்து, நம் சோற்றைத் தின்று பழகிய உடம்பு அது. ஆக, கறுப்பன் குப்பையைக் கிளறுவது கெட்ட பழக்கமல்ல, முன்னோர் விட்டுச் சென்ற சொத்து. அதட்டி மாற்றிவிட முடியாது.

மாறியது நம் குப்பை. என் அப்பாயி காலத்துக் குப்பைக் குழியில் சாம்பல், வாழை இலை, காய்த்தோல், எலும்பு இவைதான் கிடக்கும். பாலிதீன் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது 1933இல்தான். இன்று நாம் கையில் தொங்கவிடும் கைப்பிடி வைத்த பைக்கு ஸ்வீடன் நிறுவனம் ஒன்று காப்புரிமை பெற்றது 1965இல். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இதற்குத் தடை இருந்தாலும் கறிக்கடைக் கவர் இன்னும் வீட்டுக்கு வருகிறது. கறி வாசனை இருக்கும்வரை நாய்க்கு அது கறிதான். விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும்.

இனி எலி கேக்கின் கதை. 1920களில் அமெரிக்காவின் வட பகுதியிலும் கனடாவிலும் மாடுகள் ரத்தம் வடிந்து செத்தன. பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனமே காரணம் என்று தெரிந்தது. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் சுமார் 300 கிலோமீட்டர் வந்து கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியிடம் சேர்ந்தார். லிங்க் குழுவின் பல வருட உழைப்பில் ரத்தத்தை உறையவிடாத பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வழியில் உருவானதுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1950களில் மனிதர்களுக்கே மருந்தானது. நம் உறவில் இதய வால்வு மாற்றிக்கொண்ட சிலர் இன்றும் சாப்பிடுகிறார்கள்.

1958இல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்குச் சாகாத எலிகள் தென்பட்டன. எனவே இன்னும் கடுமையான மருந்துகள் வந்தன. இன்றைய எலி கேக் பலவும் அந்த வகை. ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். இந்த மருந்து அதை வேலை செய்யவிடாது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் இருப்பு தீர இரண்டு மூன்று நாளாகும். அதனால்தான் நாய் முதலில் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. அந்த இரண்டு நாள்தான் அதைக் காப்பாற்ற ஏற்ற நேரம். நான் அதைத் தவறவிட்டேன். கறுப்பனுக்கு இப்போது ஒரு மாதத்துக்கு வைட்டமின் கே மாத்திரை.

அடுப்படிக்கும் வரலாறு உண்டு. வெங்காயம் நாய்க்கு ரத்தசோகை உண்டாக்கும் என்று 1930இலேயே அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்கள். உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே சமயத்தில் தின்றாலே ஆபத்து. பத்து கிலோ நாய்க்கு அது 50 கிராம். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது 2001 வாக்கில்தான் வெளிவந்தது. காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். அதே அமிலம் நிறைய இருப்பது எதில் தெரியுமா? நம் புளியில். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை 2022இல் பதிவு செய்திருக்கிறார்கள். "எங்க வீட்டு நாய் சாம்பார் சோறு தின்னே பதினைந்து வருஷம் இருந்துச்சே" என்பீர்கள். சோற்றில் பட்ட சாம்பார் வேறு, கரைத்துப் பிழிந்துபோட்ட புளிச்சக்கை ஒரு கை நிறைய வேறு. சாக்லெட்டும், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லாத சூயிங்கமும் இதே பட்டியல்தான்.

படித்து முடித்தபோது ஒரு பழைய நினைவு வந்தது. அப்பா இருந்த காலம். ஊர் வீட்டில் மணி என்று ஒரு நாய். குதிர் இருந்த அறையில் எலி மருந்து வைத்திருந்தோம். அந்த வாரத்தில் ஒருநாள் மணி மூக்கில் ரத்தம் வடிந்து செத்துக் கிடந்தது. பாம்பு கடித்திருக்கும் என்று சொல்லிக் கொல்லையில் புதைத்தோம். இத்தனை வருஷமும் பழியைப் பாம்பின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். மருந்தை வைத்த கை என்னுடையது.

இப்போது வீட்டில் எலி கேக் இல்லை, கூண்டுப்பொறி வைத்திருக்கிறேன். மூடி அழுந்த மூடும் குப்பை டப்பா, மாத்திரையும் ஃபினாயிலும் மேல் அலமாரியில், புளிச்சக்கை நேராகச் செடிக்குழியில், மேலே மண்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்றைக்கு உங்கள் அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாயின் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். கைக்கு எட்டுவது எல்லாம் அதன் வாய்க்கும் எட்டும். எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய், ஆசிட் போன்றவை ஏறும்போதும் தொண்டையைப் புண்ணாக்கும். பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று என்னைப்போல் காத்திருக்காதீர்கள்.

இதை எழுதும்போது கறுப்பன் என் காலடியில் படுத்திருக்கிறான். வாயில் என் செருப்பு. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.